வழக்கு மேல காசு கட்டுறதுக்கு முதலீடு எண்டு பேரா?

லொத்தர் டிக்கட் வாங்குறவனை ஹராம் எண்டு ஏசுற அதே வாயால, "அடுத்த மாசம் தீர்ப்பு, ஷெயார் மூணு மடங்காகும்" எண்டு கதைக்கிற பழக்கம் நம்ம பக்கத்துப் பொடியன்களுக்கும் வந்திட்டு. இதற்கு அவர்கள் வைக்கும் பெயர் முதலீடு. நான் இதைச் சூது என்கிறேன்.

ரேம்பஸ் என்ற அமெரிக்கக் கம்பனியை எடுங்க. 1990இல் தொடங்கியது. சிப் செய்யும் தொழிற்சாலை அதற்கு இல்லை. கணினி நினைவகம் வேகமாக இயங்குவதற்கான நுட்பங்களை வடிவமைத்து, அவற்றின் ஆக்கவுரிமைக்கு (பேட்டன்ட் எண்டு நாம சொல்றது) கட்டணம் வாங்குவதே அந்தக் காலத்தில் அதன் முக்கிய தொழிலாக இருந்தது. கட்டாத கம்பனிகளோடு பல வருடம் வழக்காடியது. ஆகவே அதன் ஷெயார் விலை நீதிமன்றத்தைப் பார்த்தே ஏறி இறங்கியது.

அந்தச் சண்டையின் தொடர்ச்சியாக, மைக்ரோனும் ஹைனிக்ஸும் கூட்டுச் சேர்ந்து தன் நினைவகத்தைச் சந்தையிலிருந்து துரத்தியதாகச் சொல்லி, 395 கோடி டொலர் நட்டம் கேட்டது. வென்றால் அது மூன்று மடங்காகும் என்பதுதான் சந்தையின் கனவு. 2011 நவம்பர் 16ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ ஜூரி 9க்கு 3 என்று ரேம்பஸுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அன்றைக்கே ஷெயார் சுமார் 60 வீதம் விழுந்தது. காலையில் இருந்த அதே பொறியியலாளர்களும் அதே ஆக்கவுரிமைகளும் பின்னேரமும் இருந்தார்கள், இருந்தன. மாறினது ஒரு தீர்ப்பு மட்டும்தான்.

"நாங்க சும்மா கட்டல்ல, ஆதாரமெல்லாம் வாசிச்சுத்தான் வாங்குறம்" என்று பதில் வரும். சரி, வாசிங்க. ரேம்பஸ் தன் ஆவணங்களை அழித்தது பற்றி 2006இல் கலிபோர்னியா நீதிபதி ஒருவர் பிழையில்லை என்றார். 2009இல் டெலவெயார் நீதிபதி பிழை என்றார். ஒரே செயல், ரெண்டு தீர்ப்பு. வழக்கு முழுவதையும் கேட்ட நீதிபதிகளே ஒத்துப்போகாத இடத்தில, கல்முனையில ஃபோனில் வாசிச்சவனுக்கு மட்டும் முடிவு தெரியுமா?

இது பழைய கதையுமில்லை. நெட்லிஸ்ட் என்ற நினைவகக் கம்பனிக்கு சாம்சங் 30 கோடி டொலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று 2023இல் டெக்சாஸ் ஜூரி சொன்னது. ஆனால் ஜூரி சொன்னவுடன் காசு கைக்கு வருவதில்லை. அந்த ஆக்கவுரிமைகள் செல்லுமா என்ற கேள்வி ஆக்கவுரிமை அலுவலகத்திலும் மேன்முறையீட்டிலும் தனியாக ஓடும்.

அடுத்த பதில்: "ஹலால் ஆப்பில் பார்த்தம், பச்சை காட்டுது." அந்த ஆப் பார்ப்பது கம்பனி சாராயம் விற்கிறதா, வட்டித் தொழில் செய்கிறதா, கடன் எவ்வளவு என்பதைத்தான். வாங்குகிற நீங்கள் என்ன நோக்கத்தில் வாங்குகிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. கடலில் நிற்கிற மீனை விற்பது கூடாது என்பது கரருக்கு ஃபிக்ஹு நூல்கள் காட்டுகிற பழைய உதாரணம். கரவலை இன்னும் தண்ணிக்குள்ள கிடக்க, உள்ள இத்தன கிலோ எண்டு விலை சொன்னா சாய்ந்தமருதுக் கடற்கரையில எவன் காசு குடுப்பான்?

கண்டுபிடித்தவர் தன் உரிமைக்கு வழக்குப் போடுவதில் எனக்குப் பிரச்சினையில்லை. கம்பனியின் தொழிலை விளங்கி, அதன் இலாபத்திலும் நட்டத்திலும் பங்காளியாக இருப்பதும் வியாபாரம்தான். அதற்கு ஒரு கேள்வி போதும்: இந்த வழக்கே இல்லாவிட்டாலும் இந்த ஷெயாரை வாங்குவீர்களா? "இல்லை" என்றால், கட்டாரில் வெயிலில் நின்று வாப்பா அனுப்பின காசை அதில் போடுவதற்கும் லொத்தர் டிக்கட்டுக்கும் வித்தியாசம் டிக்கட்டின் விலைதான்.