கம்ப்யூட்டர் பிள்ளைக்கு, சாவி பெற்றோருக்கு!

அலமாரிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறாள் தாய். அதே வீட்டு மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரின் சாவி யாரிடம் இருக்கிறது? கேட்டுப் பாருங்கள். "எனக்கு என்னாங்க தெரியும்? எல்லாம் பையனுக்குத்தான் தெரியும்" என்றுதான் பல வீடுகளில் பதில் வரும்.

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பிடித்துப் படித்த கஷ்டத்தை யார் மறப்பார்? வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, கூட்டுக் காசு எடுத்தாவது பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்த பெற்றோரைப் பாராட்டுகிறோம்.

ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் கள்ளுக்கடைப் பக்கம் ஒரு சின்னப் பையன் தலை காட்டினால், அன்று மாலைக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். நாலு பேர் கண்டித்து அனுப்புவார்கள். இன்று சூதாட்டமும் ஆபாசமும் முகம் தெரியாத ஆள் பேச்சும் வீட்டுக்குள்ளேயே வருகின்றன. பார்க்க நாலு பேர் இல்லை. தாயும் தகப்பனும் வேலைக்காட்டில்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. காசும் செலவில்லை. விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே பூட்டு இருக்கிறது. அதற்கு 'ஃபேமிலி சேஃப்டி' என்று பெயர்.

முதலில், கம்ப்யூட்டரில் இரண்டு கணக்கு இருக்க வேண்டும். உங்கள் பெயரில் உள்ளது 'அட்மினிஸ்திரேட்டர்', அதாவது வீட்டுக்காரர். பிள்ளை பெயரில் உள்ளது 'ஸ்டாண்டர்ட் யூசர்'. பிள்ளையே அட்மினிஸ்திரேட்டராக இருந்தால், எந்தப் பூட்டையும் அவனே கழற்றி வைத்துவிடுவான்.

இரண்டாவது, 'செட்டிங்ஸ்' திறந்து, 'அக்கவுண்ட்ஸ்', பிறகு 'ஃபேமிலி' என்று போய்ப் பிள்ளையைக் குடும்பத்தில் சேர்க்க வேண்டும். இருவருக்கும் ஈமெயில் தேவை. பிள்ளையின் வயதைக் கூட்டாமல் குறைக்காமல் கொடுங்கள்.

மூன்றாவது, நேரம். பள்ளி நாளில் இரவு எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்று குறித்துவிடலாம். நீங்கள் பெரட்டுக்குப் போன பிறகு விடியற்காலையில் திறக்காதபடியும் செய்யலாம்.

நான்காவது, வடிகட்டி. தகாத பக்கங்களைத் தடுக்கும் இந்த வடிகட்டி 'எட்ஜ்' வழியாகப் பார்க்கும்போதுதான் வேலை செய்யும். அதனால் 'குரோம்' திறக்கவில்லை என்று பிள்ளை புகார் சொன்னால் பயப்படாதீர்கள். பள்ளிப் பாடத்துக்கான டெலிமா தடைபட்டால், அனுமதித்த பட்டியலில் அதைச் சேர்த்துவிடுங்கள். படிப்பு நிற்கக் கூடாது.

"எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே!" என்கிறீர்களா? விவரம் தெரிந்த ஆசிரியரோ பக்கத்து வீட்டு இளைஞரோ பட்டனைத் தட்டிக் கொடுக்கட்டும். பாஸ்வர்டை மட்டும் நீங்களே உங்கள் விரலால் தட்டுங்கள். ஐசி நம்பர், பிறந்த தேதி, மோட்டார் நம்பர் எல்லாம் வேண்டாம். அதெல்லாம் பிள்ளைக்கு மனப்பாடம். பாஸ்வர்ட் மறந்துபோனால் வரும் ரகசிய எண் உங்கள் கைப்பேசிக்கே வரட்டும்.

இதைப் பிள்ளைக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, "உன்மேல சந்தேகம் இல்லப்பா, வெளியில இருக்கிறவன்மேலதான்" என்று சொல்லிச் செய்யுங்கள். ஏனென்றால் எந்தப் பூட்டிலும் சந்து இருக்கும். கூட்டாளியின் கைப்பேசிக்கு உங்கள் பூட்டு செல்லாது. தப்பான படம் கேட்டு ஒருவன் மிரட்டும்போது, அடி விழுமே என்று பயந்தால் பிள்ளை வாய் திறக்காது. அப்பா அம்மாவிடம் சொல்லலாம் என்ற தைரியம் இருந்தால்தான் பிழைக்கும்.

பிள்ளையை அப்படி வசப்படுத்துவது 2017-ஆம் ஆண்டுச் சிறுவர் பாலியல் குற்றச் சட்டப்படி குற்றம். மானம் போய்விடும் என்று மறைக்காமல் போலீசில் புகார் கொடுங்கள். 15999 என்ற தாலியான் காசே எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். வந்த செய்திகளை அழிக்காதீர்கள். அவைதான் சாட்சி.

பெற்றோரே! பால் வெட்டியும் குலை அறுத்தும் தேடிய காசில் வாங்கிய பொருள் அது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கம்ப்யூட்டர் பிள்ளையிடமே இருக்கட்டும். சாவி உங்கள் முந்தானையில் இருக்கட்டும்.