சாவிக்கொத்து வைத்திருந்த கணக்கப்பிள்ளை

கனடா நாட்டில் கியூபெக் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. 2021-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அந்த மாகாண அரசாங்கம் ஒரு திடுக்கிடும் அறிவிப்பை வெளியிட்டது. தனது இணையதளங்களில் சுமார் 4 ஆயிரத்தை மூடிவிட்டதாம்!

திருடன் புகுந்துவிட்டானா? இல்லை. புகுந்ததற்குத் தடயம் எதுவும் இல்லை. எந்த வீட்டில் ஓட்டை இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. ஆகவே எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சோதித்துத் திறந்தார்கள்.

இத்தனை அமளிக்கும் காரணம், "லாக்-4-ஜே" என்ற ஒரு சின்ன புரோகிராம் பாகம்.

லீவு விண்ணப்பத்தின் பயணம்

ஒரு கம்பெனியில் ஒருவர் 3 நாள் லீவு கேட்கிறார். முன்பெல்லாம் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். அது மேஜை மேஜையாக நகரும். மானேஜர் கையெழுத்துப் போடுவார். சம்பளப் பகுதியில் பதிவாகும். இன்று அந்த விண்ணப்பம் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கிறது. சரக்கு வாங்குவது, பில் போடுவது, சம்பளம் அனுப்புவது எல்லாம் இப்படித்தான்.

இதற்குப் புரோகிராம் எழுதுகிறவர் முழுவதையும் தாமே எழுதுவதில்லை. தேதி கணக்கிட ஒரு பாகம், கடிதம் அனுப்ப ஒரு பாகம், நடந்ததைக் குறித்து வைக்க ஒரு பாகம் என்று, மற்றவர்கள் எழுதிப் பொதுவில் வைத்திருப்பதை எடுத்துப் பொருத்துகிறார். இது சோம்பேறித்தனம் அல்ல. கதவு செய்யும் தச்சர் கீலையும் தாழ்ப்பாளையும் தாமே அடிக்கிறாரா? கடையில் வாங்கித்தானே பொருத்துகிறார்!

குறித்து வைக்கும் வேலைக்கு உலகம் முழுவதும் பலர் பொருத்திய பாகம்தான் லாக்-4-ஜே. அதை ஒரு கணக்கப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். யார் வந்தார், என்ன கேட்டார், எத்தனை மணிக்கு என்று நோட்டில் எழுதுவதுதான் அவர் வேலை.

எழுதச் சொன்னால் செய்துவிட்டார்!

2013-ம் ஆண்டில் இந்தக் கணக்கப்பிள்ளைக்கு ஒரு புதுப் பழக்கம் கற்றுக்கொடுத்தார்கள். எழுதும் வரியில் ஒரு தனிக் குறியும் ஒரு விலாசமும் இருந்தால், அந்த விலாசத்துக்குப் போய், அங்கே இருப்பதை எடுத்து வர வேண்டும். நல்ல எண்ணத்தில் செய்த வசதிதான். ஆனால் அந்த விலாசத்தைக் கொடுத்தது வீட்டுக்காரரா, திருடனா என்று அவர் பார்க்கவில்லை! திருடன் அங்கே விஷமமான புரோகிராமை வைத்திருந்தால், அதையும் கொண்டுவந்து வீட்டுக்குள் ஓட விட்டார்.

பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் திருடன் அந்த வரியை எழுதினால் போதும். குழந்தைகள் விளையாடும் "மைன்கிராப்ட்" ஆட்டத்தில், அரட்டைப் பகுதியில் அதைத் தட்டினாலே வேலை முடிந்தது!

8 ஆண்டுகள் இந்த ஓட்டை பெரிதாக யார் கண்ணிலும் படவில்லை. சீனாவின் அலிபாபா கம்பெனியைச் சேர்ந்த நிபுணர் ஒருவர் 2021 நவம்பர் 24-ந் தேதி இதைத் தெரிவித்தார். டிசம்பர் 9-ந் தேதி விஷயம் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. 16-ந் தேதி பெல்ஜியம் நாட்டு ராணுவ இலாகாவின் கம்ப்யூட்டர்கள் இந்த ஓட்டை வழியாகத் தாக்கப்பட்டன. அங்கே பல நாள் மின்னஞ்சல் கூட ஓடவில்லை.

சாவியைக் கொடுத்தது யார்?

நோட்டு எழுதுகிறவருக்குப் பேனா போதும். கஜானா சாவி எதற்கு? ஆனால் ஒரு பாகத்தைப் புரோகிராமோடு பொருத்தியதும், அந்தப் புரோகிராமுக்கு உள்ள அதிகாரம் அத்தனையும் சாதாரணமாக அந்தப் பாகத்துக்கும் வந்துவிடுகிறது. சம்பள ஏட்டைத் திறக்கப் புரோகிராமுக்கு அனுமதி உண்டா? அப்படியானால் கணக்கப்பிள்ளைக்கும் உண்டு! யாரும் யோசித்துக் கொடுத்த சாவி அல்ல இது. பொருத்தும் முறையிலேயே கைமாறிவிட்ட சாவி.

கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு வெளி விலாசங்களுக்குப் போகக் கூடாது என்று முன்கூட்டியே தடை போட்டிருந்த இடங்களில் ஆபத்து குறைவாக இருந்தது. அங்கேயும் அதே கணக்கப்பிள்ளைதான். வாசலைத் தாண்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

தூரத்து உறவு

"எங்களிடம் அந்தப் பாகம் இருக்கிறதா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் கம்பெனிகள் திணறின. ஒரு பாகத்துக்குள் இன்னொரு பாகம், அதற்குள் வேறொன்று. கூகுள் நிபுணர்கள் ஜாவா மொழிப் பாகங்களின் பெரிய கிடங்கைச் சோதித்தார்கள். 35 ஆயிரத்துக்கு மேற்பட்ட பாகங்களில் இந்த ஓட்டை இருப்பதாக முதலில் கணக்கிட்டார்கள். அதாவது 100-க்கு 8 வீதம். அவற்றில் 100-க்கு 80-க்கும் மேற்பட்டவை லாக்-4-ஜேயை நேராகச் சேர்த்தவை அல்ல. தூரத்து உறவாக வந்து ஒட்டிக்கொண்டவை. சிலவற்றில் 9 படிகள் கீழே இருந்தது!

அமெரிக்க அரசாங்கத்தின் ஒரே ஒரு இலாகா மட்டும் இதற்காக 33 ஆயிரம் மணி நேரம் செலவிட்டது. ஒரு ஆள் தினம் 8 மணி நேரம், ஒரு நாள் கூட லீவு எடுக்காமல் உழைத்தால் 11 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

ஓட்டையை அடைத்தவர்கள் யார் தெரியுமா? "அப்பாச்சி" என்ற பொது அமைப்பின் தொண்டர்கள். சம்பளத்துக்காக அல்ல, விருப்பத்துக்காக இதைப் பராமரித்து வந்தவர்கள். டிசம்பர் முடிவதற்குள் திருத்திய பதிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக 4 முறை வெளியிட்டார்கள். அவர்கள் உழைப்பை எடுத்துக்கொண்ட பெரிய கம்பெனிகள் முன்பே கொஞ்சம் பணமும் ஆளும் கொடுத்திருக்கலாம்.

இலவசப் பாகத்தில் வேறு விதத் தொல்லையும் உண்டு. 2016 மார்ச்சில் ஒருவர் கோபத்தில் தமது பாகங்களை எல்லாம் பொதுக் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். அதில் ஒன்று வெறும் 11 வரி! அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான புரோகிராம்கள் சில மணி நேரம் தடுமாறின.

பட்டியல் போதுமா?

மிட்டாய்ப் பொட்டலத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அச்சிடுகிறார்கள் அல்லவா? அதுபோல, அரசாங்கத்துக்கு விற்கும் புரோகிராம்களுக்கும் பாகப் பட்டியல் வேண்டும் என்று அமெரிக்க ஜனாதிபதி பைடன் 2021 மே மாதமே உத்தரவிட்டார். ஐரோப்பிய யூனியனும் 2024-ல் இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் முக்கிய விதிகளுக்கு 2027 டிசம்பரில் நாள் குறித்திருக்கிறார்கள்.

பட்டியல் அவசியம்தான். ஓட்டை தெரிந்த அன்றே தேடி எடுக்க அது உதவும். ஆனால் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றுதான் அது சொல்லும். யார் கையில் எந்தச் சாவி என்று சொல்லாது. லீவு விண்ணப்பத்தைக் குறித்து வைக்கும் பாகத்துக்குச் சம்பள ஏடு எதற்கு என்ற கேள்வியை, பொருத்துகிறவரும் அவருடைய முதலாளியும்தான் கேட்டாக வேண்டும்.

2022 ஜூலையில் அமெரிக்க விசாரணைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. திருத்தப்படாத பழைய லாக்-4-ஜே, 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ பல கம்ப்யூட்டர்களில் அப்படியே கிடக்கும் என்று அதில் எச்சரித்திருக்கிறது.