தண்ணிக்கு யாரு சாட்சி?

ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறேன். அமெரிக்க அரசாங்கம் எழுதிய வாக்கியம். 2015 ஜூனில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதாவது இ.பி.ஏ., ஃப்ராக்கிங் குடிநீரைக் கெடுக்கிறதா என்று ஐந்து வருடம் ஆய்ந்து ஒரு வரைவறிக்கை வெளியிட்டது. குடிநீர் ஆதாரங்களில் பரவலான, ஒட்டுமொத்தமான பாதிப்பு ஏற்பட்டதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று அதில் இருந்தது. எண்ணெய்க் கம்பெனிகள் இதைத் தூக்கித் தலையில் வைத்துக் கூத்தாடின. ஃப்ராக்கிங்கால் தண்ணீர் கெடவில்லை, அரசாங்கமே சொல்லிவிட்டது என்று எழுதிக் குவித்தார்கள்.

'ஆதாரம் கிடைக்கல'ங்கறதும் 'நடக்கல'ங்கறதும் ஒண்ணா? நம்ம ஆளுங்ககிட்ட இதைப் போய் விளக்க வேண்டியதில்லை. வன்கொடுமை வழக்கில் காவல் நிலைய வாசலில் நின்றவர்களுக்கும், மருத்துவரின் சான்றிதழுக்காகக் காத்துக் கிடந்தவர்களுக்கும் இந்த வித்தியாசம் உடம்பில் எழுதியிருக்கிறது. அடித்தவன் நிரூபிக்க வேண்டியது எதுவுமில்லை. அடிபட்டவன் எல்லாத்தையும் நிரூபிக்கணும்.

'அமெரிக்காக்காரன் கிணத்தப் பத்தி நமக்கென்ன தோழர்?' என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்குது. தண்ணீர் கெட்டதா இல்லையா என்று சொல்லும் அதிகாரம் எப்படிச் செய்யப்படுகிறது என்பதை அந்த நாட்டில் பச்சையாகப் பார்க்கலாம். ஏனென்றால் அங்கே எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதலில் இந்தத் தொழில் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆழத்தில் கிடக்கும் களிப்பாறைவரை துளை போட்டு, அங்கிருந்து பக்கவாட்டில் திருப்பி, தண்ணீர், மணல், ரசாயனம் கலந்து பெரும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளப்பார்கள். விரிசல் வழியாக எரிவாயுவும் எண்ணெயும் மேலே வரும். செலுத்திய தண்ணீரில் ஒரு பகுதியும், பாறைக்குள் கிடந்த உப்புத் தண்ணீரும் கூடவே வரும். ஒரு கிணற்றுக்கு நடுத்தரமாக 15 லட்சம் கேலன், நம்ம கணக்கில் கிட்டத்தட்ட 57 லட்சம் லிட்டர் தண்ணீர். ரசாயனம் கொட்டிப் போகலாம். குழாயைச் சுற்றிப் பூசிய சிமெண்ட் விட்டுப் போய் வாயு மேலேறலாம். கழிவைத் தளம் போடாத குழியில் விட்டால் மண்ணுக்குள் இறங்கும். இதெல்லாம் நான் கற்பனையாகச் சொல்வதல்ல. இ.பி.ஏ.யே பட்டியல் போட்டது.

கதை 2015இல் தொடங்கவில்லை. 1997இல் அலபாமா மாநிலத்து வழக்கொன்றில், இப்படி நிலத்துக்குள் செலுத்துவதும் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உடனே 'ஆய்வு' தேவைப்பட்டது. 2004இல் இ.பி.ஏ. ஒரு அறிக்கை கொடுத்தது: நிலக்கரிப் படுகைகளில் இந்த முறையால் குடிநீருக்கு ஆபத்து இல்லை, இருந்தாலும் கொஞ்சம்தான். அதற்காக அவர்கள் ஒரு கிணற்றில்கூட வாளியை இறக்கவில்லை. ஏற்கனவே எழுதியதைப் படித்து எழுதினார்கள். டென்வர் அலுவலகத்தில் இருந்த வெஸ்டன் வில்சன் என்ற பொறியாளர் அதே வருடம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார். அறிக்கை அறிவியல்படி சரியில்லை, சீர்தூக்கிப் பார்த்த குழுவின் ஏழு பேரில் ஐந்து பேருக்கு இதில் சொந்த நலன் இருக்கிறது என்றார். கேட்பார் யார்? 2005இல் சட்டம் திருத்தப்பட்டது. டீசல் கலந்தால் தவிர, ஃப்ராக்கிங்குக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு. அதற்கு 'ஹாலிபர்ட்டன் ஓட்டை' என்று பெயரே வந்துவிட்டது. இந்தத் தொழிலின் பெரிய கம்பெனியான ஹாலிபர்ட்டனில் 2000 வரை தலைவராக இருந்த டிக் செனிதான் அப்போது துணை ஜனாதிபதி.

எதிர்ப்பு வலுத்த பிறகு, 2009இல் நாடாளுமன்றம் மறுபடி ஆராயச் சொன்னது. இந்த முறை நல்ல அறிவியல், வெளிப்படையான நடைமுறை, வெளி அறிஞர்களின் சீராய்வு என்று எல்லாம் நிபந்தனை. அரசு ஆய்வுகளிலேயே மிக உயர்ந்த தரவரிசையில் இதை வைத்தார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தர உறுதித் திட்டம் எழுத வேண்டும். எந்தப் பாட்டிலில் பிடித்தது, எந்தக் குளிரில் வைத்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எல்லாவற்றுக்கும் பதிவு. இதை நான் கிண்டல் பண்ணவில்லை. தரம் வேண்டாம் என்று சொல்கிற ஆளில்லை நான். சரியான சோதனை இல்லாததால்தான் நம்ம ஜனங்க காலங்காலமா ஏமாந்தாங்க. என்னுடைய சண்டை வேறு. அந்தத் தரம் யாரைக் கட்டியது, யாரைக் கட்டவில்லை என்பதுதான் என் கேள்வி.

ஒரு கிணறு கெட்டது என்று சொல்ல வேண்டுமானால், முன்னால் அது எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். துளை போடுவதற்கு முந்தைய தண்ணீர்க் கணக்கு எத்தனை வீட்டில் இருக்கும்? வீட்டுக் கிணறுகள் அந்த நாட்டுக் குடிநீர்ச் சட்டத்துக்குள்ளேயே வராது. சொந்தச் செலவில் சோதித்து வைத்திருந்தால் உண்டு. இந்தக் குறையைத் தீர்க்க இ.பி.ஏ. ஒரு நல்ல வழி வைத்திருந்தது. துளை போடும் முன்பே தண்ணீரைச் சோதித்து, போடும்போதும் போட்ட பிறகும் தொடர்ந்து சோதிக்க இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். லூசியானாவில் ஒன்று, பென்சில்வேனியாவில் ஒன்று. இந்த ஆய்வின் முதுகெலும்பே அதுதான். அதற்குக் கம்பெனியின் சம்மதம் வேண்டும். கம்பெனி நிலத்தில் நின்று, கம்பெனியின் நாள் கணக்குப்படிதான் தண்ணீர் எடுக்க முடியும். கடைசிவரை இரண்டுமே நடக்கவில்லை. முதுகெலும்பை உருவிவிட்டு, உடம்பு நிமிர்ந்து நிற்கவில்லை, ஆகவே நோய்க்கு ஆதாரமில்லை என்றார்கள்.

ரசாயனத்தின் கதையும் இதேதான். என்னென்ன கலக்கிறீர்கள் என்று 2010இல் ஒன்பது கம்பெனிகளிடம் கேட்டது இ.பி.ஏ. எட்டுப் பேர் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். ஹாலிபர்ட்டனுக்குச் சம்மன் அனுப்ப வேண்டி வந்தது. கம்பெனிகள் தாங்களாகவே விவரம் பதியும் ஃப்ராக்ஃபோக்கஸ் என்ற பதிவேட்டை இ.பி.ஏ. ஆராய்ந்தபோது, நூற்றுக்கு எழுபதுக்கும் மேலான பதிவுகளில் குறைந்தது ஒரு பொருளாவது 'வணிக ரகசியம்'. இறுதி அறிக்கையில் சொன்ன ரசாயனங்கள் 1,606. அவற்றை வாய்வழியாக நெடுநாள் உட்கொண்டால் எந்த அளவு ஆபத்து என்று கணக்கு இருந்தது 173க்கு மட்டும். பெயரே தெரியாத விஷத்தை எந்தப் பாட்டிலில் பிடித்து எதைத் தேடுவான்? தேடத் தெரியாததைக் கிடைக்கவில்லை என்று எழுதலாமா?

இப்போது வயோமிங் மாநிலத்துப் பவிலியனுக்கு வருகிறேன். அந்த இடம் விண்ட் ரிவர் பழங்குடி ஒதுக்கீட்டு எல்லைக்குள் இருக்கிறது. ஷோஷோனி, அராபஹோ மக்களின் பூமி. தண்ணீர் நாறுகிறது என்று குடியிருந்தவர்கள் முறையிட்டதால் 2008இல் இ.பி.ஏ. சோதிக்கத் தொடங்கியது. 2010இல் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், குளிக்கும்போது காற்றோட்டம் வைத்துக்கொள்ளுங்கள் என்று அரசே சொன்னது. 2011 டிசம்பரில் வரைவறிக்கை வந்தது. நிலத்தடி நீரில் உள்ள ரசாயனங்களுக்கு ஃப்ராக்கிங்தான் காரணமாக இருக்கக்கூடும் என்றது. அங்கே 372 மீட்டர் ஆழத்திலேயே பாறையைப் பிளந்திருக்கிறார்கள். வீட்டுக் கிணறுகள் 244 மீட்டர்வரை இறங்கியிருந்தன.

அப்போதுதான் 'தரம்' தூக்கம் கலைந்து எழுந்தது. நீங்கள் போட்ட சோதனைக் கிணறு சரியில்லை, உங்க சிமெண்டே தண்ணியக் கெடுத்திருக்கும் என்று கம்பெனிப் பக்கம் கூச்சல். சரி, தப்பென்றால் இன்னும் நாலு கிணறு போட்டுச் சோதிக்க வேண்டியதுதானே? அதுதானே அறிவியல்? 2013 ஜூனில் இ.பி.ஏ. வரைவை இறுதியாக்காமலேயே ஆய்வை வயோமிங் மாநில அரசிடம் ஒப்படைத்தது. மேற்கொண்டு ஆகும் வேலைக்கு 15 லட்சம் டாலர் கொடுத்தது யார் தெரியுமா? அங்கே வாயு எடுத்த என்கானா கம்பெனி. அந்த வரைவை எழுதியவர்களில் முக்கியமானவரான டொமினிக் டிஜூலியோ பிறகு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய், 2016இல் ராபர்ட் ஜாக்சனோடு சேர்ந்து சீராய்வு பெற்ற கட்டுரையாகவே அதை வெளியிட்டார். அரசு கைவிட்ட கிணற்றைத் தனி ஆள் தோள்ல தூக்கிட்டுப் போக வேண்டியிருந்தது.

டெக்சாஸின் பார்க்கர் மாவட்டத்திலும் இப்படித்தான். 2010 டிசம்பரில் ரேஞ்ச் ரிசோர்சஸ் கம்பெனிமேல் இ.பி.ஏ. அவசர உத்தரவு போட்டது. 2012 மார்ச்சில் திரும்பப் பெற்றது. 2013 டிசம்பரில் முகமையின் தலைமைக் கண்காணிப்பாளரே, உத்தரவு போட்டது நியாயம்தான் என்றார். பென்சில்வேனியாவின் டிமோக்கில் 2009 புத்தாண்டு நாளில் ஒரு வீட்டுக் கிணறு வெடித்தது. 2012 ஜூலையில் இ.பி.ஏ. மேல்நடவடிக்கை தேவையில்லை என்று போய்விட்டது. 2022 நவம்பரில்தான் அந்தக் கம்பெனி, குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்லி, குழாய்த் தண்ணீருக்கு 160 லட்சம் டாலருக்கும் மேல் கொடுக்க ஒத்துக்கொண்டது. பதிமூணு வருசம்.

எங்க காலனியில நடந்த ஒண்ணைச் சொல்றேன். தண்ணீர் மஞ்சளா வருதுன்னு மனு மேல மனு போட்டபிறகு ஒரு அலுவலர் பாட்டிலோட வந்தார். ஊர்த் தெருக் குழாயில் பிடித்தார். மூடினார். ஊர் பேரை எழுதி ஒட்டினார். 'ஏங்க சார், எங்க போர்ல புடிக்கலியா?' என்று எங்க பெரியம்மா கேட்டது. 'எல்லாம் ஒரே கிராமந்தான்' என்றார் அவர். எங்களுக்குத் தனி போர், தனி டேங்க். குடிக்க உகந்தது என்று அறிக்கை வந்தது. அந்தக் காகிதத்தில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. சோதனைச்சாலையில் எல்லா முறையும் சரியாகத்தான் நடந்திருக்கும். எந்தக் குழாய் ஊரின் குழாய் என்று முடிவு பண்ணின இடத்திலேயே எல்லாம் முடிஞ்சுபோச்சு.

'பரவலான, ஒட்டுமொத்தமான' என்ற சொற்கள் செய்கிற வேலை இதுதான். 2000இலிருந்து 2013வரை ஃப்ராக்கிங் கிணற்றிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் வாழ்ந்தவர்கள் சுமார் 94 லட்சம் பேர் என்று அதே வரைவறிக்கை சொல்கிறது. அதில் நூறு வீட்டுத் தண்ணீர் நாறினால் நாட்டின் சராசரிக்கு வலிக்காது. இ.பி.ஏ.யின் அறிவியல் ஆலோசனைக் குழுவே இதைப் பிடித்தது. முப்பது பேர் கொண்ட குழு, நாலு பேர் மட்டும் மாறுபட, அந்த முடிவுக்குத் தகுந்த எண்ணிக்கை ஆதாரம் இல்லை என்று 2016 ஆகஸ்டில் எழுதியது. வரைவு வெளியாவதற்குச் சற்று முன்புதான் அந்த வாசகம் உள்ளே புகுந்தது என்று அந்த நவம்பரில் பத்திரிகையாளர்கள் வெளிப்படுத்தினார்கள். டிசம்பரில் வந்த இறுதி அறிக்கையில் அது இல்லை. சில சூழ்நிலைகளில் குடிநீர் பாதிக்கப்படலாம், எத்தனை இடத்தில் என்று சொல்லத் தரவு போதாது என்று மாற்றினார்கள். ஆனால் பதினெட்டு மாசம் அந்த வாக்கியம் ஊர் சுற்றி வந்துவிட்டதே.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பென்சில்வேனியா விவசாயியும் நம்ம ஜனமும் ஒன்றல்ல. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுக் கம்பெனியிடம் டாலர் வாங்கியவர்களும் அங்கே பாதிக்கப்பட்டவர்களில் இருக்கிறார்கள். நிலம் இருப்பவனிடம்தான் கம்பெனி கையெழுத்து கேட்கும். அதனால்தான் காவிரிப் படுகையை நினைக்கிறேன். 2010இல் மன்னார்குடி மீத்தேன் ஒப்பந்தம், 2017இல் நெடுவாசல், கதிராமங்கலம். போராட்டம் நியாயமானது, நானும் கூட நிற்பேன். 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் வந்தது. ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அது தொடவில்லை. ஆனால் மேடையில் 'விவசாயி' என்ற சொல் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு உறுத்தல். 2011 கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்டத்தில் மூன்றில் ஒருவர் தலித். அதில் பெரும்பாலோருக்குக் காட்ட நிலப் பட்டா இல்லை, கெட்டுப்போன பயிரும் இல்லை. இருப்பது கைப்பம்பு ஒண்ணுதான்.

வேங்கைவயலையும் சொல்லாமல் போக முடியாது. 2022 டிசம்பரில் தலித் மக்களின் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. இரத்த மாதிரி, டி.என்.ஏ. என்று அறிவியல் அங்கேயும் வந்தது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றம் சாட்டியது அதே பகுதியின் மூன்று தலித் இளைஞர்களை. அந்த மக்கள் இதை ஏற்கவில்லை. ஆய்வுக்கூடம் யார் பக்கமும் சாயாது என்று இன்னும் யாராவது எனக்குப் பாடம் எடுக்க வரணுமா?

அமெரிக்காவில் 2025 மே மாதம் 'தங்கத் தர அறிவியல்' என்ற பெயரில் ஜனாதிபதி ஆணை வந்தது. ஜூலையில், இந்த ஃப்ராக்கிங் ஆய்வைச் செய்த இ.பி.ஏ.யின் ஆராய்ச்சிப் பிரிவையே கலைப்பதாக அறிவித்தார்கள். தங்கத்தில் அளவுகோல் செய்துவிட்டு, அளக்கிறவன் கையை வெட்டுகிறார்கள்.

டெல்டாவில் வேலை செய்யும் தோழர்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். எண்ணெய்க் கிணறு இருக்கும் ஒவ்வொரு ஊரிலும், புதிதாக வரப்போகிறது என்று பேச்சு அடிபடும் ஊரிலும், சேரிக் கைப்பம்பிலிருந்து இப்போதே தண்ணீர் எடுத்துச் சோதியுங்கள். உப்பு, மீத்தேன், பேரியம், பென்சீன் நாலையாவது பாருங்கள். தேதி போட்டு, அந்தத் தெருப் பெண்கள் இரண்டு பேரைச் சாட்சிக் கையெழுத்துப் போட வையுங்கள். பாட்டிலில் ஊர்ப் பெயரோடு தெருப் பெயரையும் எழுதுங்கள். அறிக்கையின் அசலை அந்தத் தெருவிலேயே வைத்துவிட்டு, நகலை மட்டும் கலெக்டர் ஆபீசுக்குக் கொடுங்கள்.