ஓரத்தை வெட்டலாமா?

நம் பள்ளி வரவேற்பறையில் தொங்கும் ஆற்றுப் படத்தைப் பாராதவர் நம்மில் இரார். கொசஸ்தலை ஆறு இரு கரையும் புரள ஓடும் காட்சி அது. 5 அடி நீளமும் 3 அடி அகலமும் கொண்ட ஒரே தாளில், சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார் 41 பேர் கூடித் தீட்டியது. பள்ளியை விட்டுச் செல்லுமுன் நினைவுப் பரிசாகத் தந்து சென்றார்கள். தாளின் நான்கு ஓரங்களிலும் தத்தம் பெயரைச் சிற்றெழுத்தில் எழுதியிருந்தார்கள். தமிழில் சிலர், தெலுங்கில் சிலர். இன்று எண்ணிப் பார்த்தால் 30 பெயர்களே இருக்கின்றன. கீழ் ஓரத்தில் இருந்த 11 பெயர்களைக் காணோம்.

எங்கே போயின? பிரேம் போடக் கொடுத்த கடையில் இருந்த கண்ணாடிக்குத் தாள் சற்றுப் பெரிதாய் இருந்ததாம். "வெறும் ஓரந்தானே!" என்று கத்தியை வைத்து இழுத்துவிட்டார்கள். விடுமுறையில் அக்கா ஒருத்தி தன் தாயாரை அழைத்துவந்து, தன் பெயர் இருந்த இடத்தைக் காட்ட விரலை நீட்டினாள். விரல் மரச்சட்டத்தில் போய் நின்றது. அருகில் நின்ற எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அதோடு முடியவில்லை. தாளின் முதுகு முழுவதும் பசை தடவிப் பிளைவுட் பலகையில் ஒட்டி, நேரே கண்ணாடியை அழுத்தியிருந்தார்கள். ஐப்பசி மழை வந்தது. தாள் ஈரத்தை வாங்கி விரிந்தது, பலகையோ விடவில்லை. நடு ஆற்றில் இப்போது தெரிகிற மடிப்புகள் அலைகள் அல்ல, தோழியரே, சுருக்கங்கள்! மேல் மூலையில் வானத்து நீலம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு திட்டுத் திட்டாய் நிற்கிறது. இனி அதைப் பிரித்தால் பாதி வண்ணம் கண்ணாடியோடு போய்விடும்.

கடைக்காரரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. அவர் பழகிய வேலை அது. 1894-இல் இரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கி வண்ணப் படங்களை அச்சிட்ட நாள் முதல், சிவகாசி நாட்காட்டிகள் வரை, நம் வீடுகளில் சட்டத்துக்குள் புகுந்தவை பெரும்பாலும் அச்சுப் படங்களே. திருத்தணி மலையடிவாரத்தில் வாங்கிய முருகன் படம் பாழானால் அடுத்த கிருத்திகைக்குப் போகும்போது இன்னொன்று வாங்கலாம். அச்சுப் படத்தின் ஓரம் வெள்ளைத் தாள், வெட்டினால் நட்டமில்லை. கையால் தீட்டிய ஓவியத்துக்கு இரண்டாவது படி ஏது?

சரி, வேறு வழி உண்டா? உண்டு. ஆங்கிலத்தில் 'ஃபுளோட் மவுண்ட்' என்பார்கள். ஓவியத்தை மிதக்க விட்டுப் பொருத்துவது. ஓரத்தை வெட்டுவதில்லை, மறைப்பதுமில்லை. நடுவில் சன்னல் போல் வெட்டிய அட்டையை மேலே வைக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறதே, அது வண்ணத்தைக் கண்ணாடியிலிருந்து காக்கும். ஆனால் ஓரத்துப் பெயர்களை மூடிவிடும். மிதக்க விடும் முறையில் தாள் முழுவதும், நான்கு விளிம்புகளோடு, கண்ணுக்குத் தெரியும்.

பின்னணிக்குப் பருத்தி நாரில் செய்த, அமிலம் இல்லாத கனத்த அட்டை வேண்டும். பிளைவுட்டும் மட்டமான அட்டையும் உதவா. அவற்றின் அமிலம் நாளடைவில் தாளைப் பழுப்பாக்கிவிடும். அந்த அட்டையின்மேல், ஓவியத்தைவிடச் சுற்றிலும் அரை அங்குலமோ ஓர் அங்குலமோ சிறியதாக இன்னோர் அட்டை. அதன்மேல் ஓவியம் அமரும். அப்போது விளிம்புகள் பின்னணியைத் தொடாமல் நிற்க, கீழே மெல்லிய நிழல் விழும். மிதப்பது போன்ற தோற்றம் அந்த நிழலால் வருவதே.

ஓவியத்தைப் பிடித்திருப்பவை சின்னஞ்சிறு தாள் கீல்கள். மல்பெரி இனத்துச் செடியின் நீண்ட நாரில் செய்த மெல்லிய ஜப்பானியத் தாளை, கத்தரிக்காமல், ஈரத் தூரிகையால் கோடிழுத்துக் கிழித்து எடுப்பார்கள். நார் நாராய் நிற்கும் ஓரம் முன்பக்கம் தழும்பு காட்டாது. ஒரு பாதியை ஓவியத்தின் முதுகில் ஒட்டி, மறுபாதியை அட்டையில் வெட்டிய கீறல் வழியே நுழைத்துப் பின்னால் ஒட்டுவார்கள். சிறு படத்துக்கு மேலே இரண்டு கீல் போதும். நம் ஆற்றுப் படம் போன்றதற்கு மேல் விளிம்பில் ஒரு வரிசையும் பக்கங்களில் சிலவும் வேண்டும். மற்ற இடமெல்லாம் விட்டுவிட வேண்டும். மழையில் விரியவும் வெயிலில் சுருங்கவும் தாளுக்கு இடம் இருக்கும். இதில் எங்களுக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று: கீல் எப்போதும் ஓவியத் தாளைவிட வலுக்குறைந்ததாய் இருக்க வேண்டுமாம். சட்டம் தவறி விழுந்தால் கீல் கிழியும், ஓவியம் கிழியாது.

பசை? செலோடேப்பு வேண்டவே வேண்டாம். மஞ்சளாகிக் கறை வைத்துவிடும். கோதுமை மாப்பசையே சிறந்தது, அதுவும் வேண்டும்போது நீர் தொட்டுப் பிரித்துவிடலாம் என்பதால். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்தால் அல்வாவுக்கு எடுக்கும் பால் வருமல்லவா? அது தெளிந்து அடியில் தங்கும் மாவைக் காய்ச்சினால் பசை. (அல்வாவுக்கு ஆகும் நெய் இதற்கு வேண்டாம் என்பது அன்னையருக்கு ஆறுதல்!) பொதட்டூர்பேட்டையிலிருந்து வரும் தோழியர் வீட்டில் பாவுக்குக் கஞ்சி போட்டுப் பழகியவர்கள், இந்தப் பதம் அவர்கள் கைக்கு உடனே வந்துவிடும்.

கடைசியாகக் கண்ணாடி. அது ஓவியத்தைத் தொடக்கூடாது. சட்டத்தின் உட்புறம் மெல்லிய மரப்பட்டிகளை வைத்து இடைவெளி விட வேண்டும். தாள் பெரிதானால் சற்றே வயிறு தள்ளும், ஆதலால் இடைவெளியும் கூடுதலாய் வேண்டும். பெரிய கண்ணாடி கனக்கும் என்று அக்ரிலிக் தகடு போடுவார்கள். கரியாலோ சுண்ணவண்ணத்தாலோ தீட்டியிருந்தால் அது ஆகாது. தகட்டின் மின்னேற்றம் துகளை இழுத்துக்கொள்ளும்.

"பிள்ளைகள் படத்துக்கு இவ்வளவு செலவா?" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். செலவு கூடுதல்தான், மறுக்கவில்லை. பருத்தி அட்டையைச் சென்னையிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். பணம் இல்லையென்றால் பிரேமே போட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மெல்லிய தாள் மூடி, இரண்டு அட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்து, இராமபாணப் பூச்சி அண்டாத உலர்ந்த அலமாரியில் வைத்துவிடலாம். கெடுத்துத் தொங்கவிடுவதைவிடக் கெடாமல் வைத்திருப்பது மேல். தாளில் செய்தது தாழ்ந்தது என்ற எண்ணத்தையும் விட வேண்டும். ஆதிமூலம் காந்தியடிகளைக் கோட்டோவியங்களாக வரைந்தது தாளில்தானே? புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1959 முதல் பருத்திக் கழிவிலிருந்து கையால் தாள் செய்கிறார்கள். அதன் ஒழுங்கற்ற விளிம்புக்காகவே ஓவியர்கள் அதை விரும்பி வாங்குகிறார்கள்.

"ஓரம் கோணலாய்த் தெரிந்தால் முடிக்காத வேலை போலிருக்கும்" என்றும் கேட்டோம். நெசவாளர் நிறைந்த நம் வட்டாரத்திலா இந்தப் பேச்சு? பெட்டிக்குள் அடங்கவில்லை என்று புடவையின் கரையைக் கத்தரிப்பார் உண்டா?

ஆற்றுப் படத்தை இனி மீட்க முடியாது. இவ்வாண்டு நாங்கள் தீட்டிய மலைப் படம் ஓவிய அறை மேசைமேல் வெள்ளைத் துணி மூடிக் காத்திருக்கிறது. அட்டைக்குச் சென்னைக்கு எழுதியிருக்கிறோம். சகோதரியார் அனுமதியோடு, சென்ற ஆண்டு வெட்டுப்பட்ட 11 அக்காமாரின் பெயர்களையும் அதில் எழுதினோம். இம்முறையும் ஓரத்தில்தான்.