படத்தில் லாரி இருக்கிறது, டிரைவர் எங்கே?

நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறையிலிருந்து புது லாரி ஒன்று வெளியே வந்தால் அன்று திருவிழாதான். மாலை, சந்தனம், சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம். பூசை முடிந்ததும் சொந்தக்காரர் செல்போனை எடுக்கிறார். முன்னால் ஒரு படம், பக்கத்தில் ஒரு படம், பின்னால் எழுதிய பெயருக்கு ஒரு படம். சற்று நேரத்தில் அவை சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் போய்ச் சேருகின்றன. அங்குள்ள லாரிச் சொந்தக்காரர்கள் தங்கள் வண்டிப் படங்களைப் பதிலுக்கு அனுப்புகிறார்கள். "எந்தப் பட்டறை?" "எத்தனை சக்கரம்?" "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?" பேச்சு நடுநிசி வரை நீளுகிறது.

நீளட்டும். அழகான பொருளை வெறுப்பவர்கள் அல்ல நாம். அந்த லாரி உழைப்பாளியின் கைவேலை. தகடு வெட்டியவன், பற்றவைத்தவன், பூவும் மயிலும் எழுதிய பெயின்டர் ஆகியோரின் திறமைதான் அந்தப் படத்தில் மின்னுகிறது.

ஆனால் ஒன்று கேட்கிறோம். இத்தனை படங்களிலும் டிரைவர் எங்கே? கிளீனர் எங்கே?

பெயின்ட் மங்குவதைப் பற்றி விவாதிக்கிறார்கள்; டிரைவரின் கண் சிவப்பதைப் பற்றி விவாதிப்பதுண்டா? டயர் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். மனிதனின் இடுப்பு எத்தனை வருஷம் தாங்கும் என்று யார் கணக்குப் பார்த்தது?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 1961ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. நெடுந்தூர ஓட்டத்துக்கு அனுமதி பெற்று 10 மணி, 54 மணி. நல்ல சட்டம்தான். ஆனால் 5 தொழிலாளிக்குக் குறைந்த இடத்தை அது தொடவில்லை. ஒரு லாரி, இரண்டு லாரிக்காரரிடம் வேலை செய்பவன் வெளியே நின்றான். 2020ல் நிறைவேறிய தொகுப்புச் சட்டம் இந்தக் குறையைத் தீர்த்ததா? 5 என்பதை 10 ஆக்கியது! வெளியே நிற்பவர் கூட்டம் பெருகியதுதான் மிச்சம்.

இன்னொரு வேடிக்கை. 2018ல் பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை வரம்பை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தினார்கள். அதே ஆண்டில், தேசிய பெர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டார்கள். பாரத்தைக் கூட்டு, ஆளைக் குறை! யாருடைய லாபத்துக்கு இந்தக் கணக்கு என்று நாம் சொல்லவும் வேண்டுமா?

1-10-2025 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம். வரவேற்கிறோம். ஆனால் பழைய லாரியில் எஞ்சின் சூட்டில் வேகிறவன் கதி என்ன? குளிர்ந்த காற்று தூக்கத்துக்கு ஈடாகுமா?

ஒரே லாரி வாங்கித் தானே ஓட்டும் சின்னச் சொந்தக்காரரைப் பெரிய முதலாளியோடு சேர்த்து நாம் பேசவில்லை. படத்தில் அவர் சிரிக்கிறார். ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினால் பைனான்ஸ் கம்பெனியின் பெயர் நிற்கிறது. டீசல், சுங்கம், தவணை எல்லாம் போக மிஞ்சுவது தூக்கமில்லாத இரவு. தவணை தவறினால் லாரி போய்விடும். படம் மட்டும் செல்போனில் மிஞ்சும். அவருடைய இடம் டிரைவர்களின் பக்கம்தான். இதை அவர் உணர வேண்டும்.

ஆலைத் தோழர்களே! உங்கள் வாசலில் பஞ்சுப் பொதி இறக்கும் லாரியைப் பாருங்கள். விவசாயத் தொழிலாளித் தோழர்களே! உங்கள் களத்தில் நெல் மூட்டை ஏற்றும் லாரியைப் பாருங்கள். அதை ஓட்டி வந்தவன் உங்கள் சகோதரன். எட்டு மணி நேர வேலை உலகத்தில் யாரும் தானமாகத் தந்ததல்ல, போராடிப் பெற்றது. அது அவனுக்கும் வேண்டும்.

லாரி ஒன்றானாலும் நூறானாலும் வேலை நேரச் சட்டம் செல்ல வேண்டும். நெடுந்தூர ஓட்டத்துக்கு மறுபடியும் இரண்டு டிரைவர் வேண்டும். சரக்கு ஏற்றி இறக்கும் இடமெல்லாம் தண்ணீரும் படுக்க இடமும் வேண்டும். இந்த மூன்றையும் டிரைவர்களோடு சேர்ந்து நீங்களும் கேளுங்கள்.

லாரிச் சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த படம் எடுக்கும்போது டிரைவரையும் கிளீனரையும் வண்டிக்கு முன்னால் நிறுத்தி எடுங்கள். அவர்கள் முகத்தில் தூக்கக் கலக்கம் இல்லையென்றால், அந்தப் படத்தை நாமும் பார்த்து மகிழ்வோம்.