மக்காச்சோளத்துக்கு உள்ள காவல்!

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர் ஜெராக்ஸ் கடைகளில் கூட்டம் நெரியும். ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் கடைக் கம்ப்யூட்டருக்குள் போகும். வேலை முடிந்ததும் அவற்றை அழிக்கச் சொல்பவர் எத்தனை பேர்?

2018-ல் நீட் எழுதிய 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் விவரங்கள் இணையத்தில் விலைக்கு வந்தன. பெயரும் செல்போன் எண்ணும் கிடைத்தால் போதும். "உதவித்தொகை வந்திருக்கிறது" என்று தாயாரை ஏமாற்றிவிடலாம்.

தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே நிறைவேறிவிட்டது. ஆனால் சட்டம் கடை வாசலில் வந்து நிற்காது. விவரம் கேட்டு வாங்கும் பள்ளியும் கல்லூரியும் அதைக் காக்கவும் வேண்டும். பெற்றோரும், "அழித்துவிடுங்கள் அண்ணே" என்று நின்று கேட்கவேண்டும். பணம் பறிபோனால் உடனே 1930-ஐ அழைக்கவேண்டும்.

மக்காச்சோளக் கொல்லைக்கு இரவெல்லாம் காவல் இருக்கும் ஊர் இது. பெற்ற பிள்ளையின் பெயருக்குக் காவல் வேண்டாமா?