கட்டணம் கட்டியா, சம்பளம் வாங்கியா?



சிங்கப்பெருமாள்கோயிலில் திரும்பி ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரும் சாலையில் போயிருக்கிறீர்களா? ரெனால்ட், டெய்ம்லர், கோமாட்சு, வல்லம் வடகால் பக்கம் யமஹா, பெங்களூர் ஹைவேயில் ஏறினால் ஹூண்டாய், செயின்ட் கோபைன் என்று கம்பெனி போர்டுகளைப் படித்துக்கொண்டே வரலாம். ஜப்பான், ஜெர்மனி, பிரான்ஸ், கொரியா எல்லாம் அரை மணி நேரப் பயணத்தில் வந்துவிடும்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. அந்தக் காலத்தில் இருபது, இருபத்தைந்து வயதில் ஷிஃப்ட்டுக்குப் போனவர்களின் பிள்ளைகள் இப்போது பி.இ. முடித்துவிட்டு நிற்கிறார்கள். அந்த வீடுகளில் இன்று நடக்கும் பேச்சு என்ன? “வெளிநாட்டில் எம்.எஸ். படிக்கணுமாம்.”

நல்ல ஆசைதான். போகட்டும். எப்படிப் போவது என்பதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேசலாம் என்று நினைத்தேன்.

ஒரு நாள் மெயில் வரும். “ஸ்காலர்ஷிப் கிடைச்சிருக்குப்பா!” வீடே துள்ளும். அந்தக் கடிதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஆண்டுக் கட்டணம் 22 லட்சம், ஸ்காலர்ஷிப் 3 லட்சம் என்கிற மாதிரி இருக்கும். ஆடித் தள்ளுபடிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மிச்சப் பணத்துக்கு வங்கிக் கடன். தொகை பெரிதாகப் போனால் பல வங்கிகளில் பிணை கேட்பார்கள். சிப்காட்டுக்கு நிலம் கொடுத்து, வந்த பணத்தில் கட்டிய வீட்டின் பத்திரம் பீரோவிலிருந்து வெளியே வரும்.

கடன் வாங்கிப் படித்து நன்றாக இருப்பவர்களும் உண்டு. ஆனால் அதைத் தவிர வேறு வழியே இல்லை என்று நம் வீடுகள் நம்பிக்கொண்டிருப்பதுதான் எனக்கு ஆதங்கம். வேறு வழி இருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி இடம் என்பது பல நாடுகளில் ஒரு வேலை. நாம் கட்டணம் கட்டுவதில்லை. அவர்கள் நமக்குச் சம்பளம் தருகிறார்கள்.

ஜெர்மனியில் பிஎச்.டி. செய்கிறவர்களில் பலர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, அந்நாட்டு மாநில அரசு ஊழியர் சம்பள அட்டவணையில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். சம்பளத்தோடு மருத்துவக் காப்பீடும் விடுமுறையும் உண்டு. நெதர்லாந்து, ஸ்வீடன், டென்மார்க், நார்வேயிலும் பெரும்பாலும் இதே கதைதான். அமெரிக்காவில் பிஎச்.டி. மாணவருக்குப் பல இடங்களில் கட்டணம் தள்ளுபடி. பாடம் நடத்த உதவுவதற்கோ ஆராய்ச்சியில் உதவுவதற்கோ மாத உதவித்தொகையும் உண்டு. எம்.எஸ்.ஸுக்கு இவையெல்லாம் கிடைப்பது அரிது. இந்த வித்தியாசம் எத்தனை அப்பா அம்மாவுக்குத் தெரியும்?

ஏன் தெரியவில்லை? கன்சல்டன்சி நடத்துகிறவர்கள் எல்லோரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களில் பலருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? மாணவர் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகம் கமிஷனாகக் கொடுக்கிறது. சம்பளம் கொடுத்து ஆள் எடுக்கிற இடத்துக்கு யார் கமிஷன் கொடுப்பார்கள்? அதனால் கன்சல்டன்சியில் அந்தப் பேச்சே எழாது.

இது ஏதோ புது வழி என்று நினைக்க வேண்டாம். 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்த ஒரு கிளார்க், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஒருவருக்குத் தன் கணக்குகளைக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். அதற்கு முன் வேறு இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதி, ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது கடிதத்தைப் படித்தவர் ஹார்டி. எழுதியவர் ராமானுஜன். எஃப்.ஏ. தேறாதவர். சென்னைப் பல்கலைக்கழகம் முதலில் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914-ல் அவர் கப்பலேறியபோது ஆண்டுக்கு 250 பவுண்டு. அதில் 50 பவுண்டு ஊரில் இருந்த குடும்பத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது. படிக்கப் போன பிள்ளை வீட்டுக்குப் பணம் அனுப்பிய கதை, பாருங்கள்!

இன்றைக்கு அந்தக் கடிதத்தின் இடத்தில் மெயில் வந்திருக்கிறது. ஒரு பேராசிரியர் என்ன ஆராய்கிறார் என்று அவருடைய கட்டுரைகள் இரண்டையாவது படித்து, “இந்த இடத்தில் எனக்கு இந்தக் கேள்வி இருக்கிறது, நான் இதைச் செய்திருக்கிறேன்” என்று பத்து வரி எழுத வேண்டும். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று ஆரம்பித்து ஒரே மெயிலை இருநூறு பேருக்குத் தட்டிவிட்டால் ஒருவரும் திறக்க மாட்டார். ஐரோப்பாவில் காலியாக உள்ள ஆராய்ச்சி இடங்களை யூராக்ஸஸ் என்ற இணையதளத்தில் விளம்பரம் செய்கிறார்கள். பார்ப்பதற்குப் பைசா செலவில்லை.

இனி நம் சாலையின் போர்டுகளுக்கே வருவோம். நமக்கு வேலை கொடுத்த இந்த நாடுகள் ஒவ்வொன்றும் வெளிநாட்டு மாணவருக்கு அரசு உதவித்தொகை வைத்திருக்கின்றன.

கொரியாவுக்கு ‘குளோபல் கொரியா ஸ்காலர்ஷிப்’. விமானச் செலவு, கட்டணம், மாதச் செலவு மூன்றும் அவர்களுடையது. வயது 40-க்குள், மதிப்பெண் 80 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். முதல் ஒரு வருடம் கொரிய மொழிதான் படிப்பு. டோபிக் என்ற கொரிய மொழித் தேர்வில் ஐந்தாம் நிலையை ஏற்கெனவே தொட்டவர்களுக்கு அந்த வருடம் தேவையில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய மொழிபெயர்ப்பாளராக இருக்கும் இளைஞர்களே, இது உங்கள் காதில் விழ வேண்டும்.

ஜப்பானுக்கு ‘மெக்ஸ்ட்’. ஆராய்ச்சி மாணவர் பிரிவில் வயது 35-க்குள். எதை ஆராயப் போகிறோம் என்று ஒரு திட்டம் எழுதித் தர வேண்டும். எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. பிரான்சில் ‘ஐஃபெல்’. இதில் ஒரு சூட்சுமம்: மாணவர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. அங்குள்ள கல்வி நிறுவனம்தான் பெயரை முன்மொழிய வேண்டும். அதனால் அட்மிஷன் வேலையை வெகு முன்னதாகவே தொடங்கினால்தான் கணக்குச் சரிவரும்.

ஜெர்மனி விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். “ஜெர்மனியில் படிப்பு ஃப்ரீ” என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் அது உண்மை. ஆனால் ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருபவருக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-லிருந்து கட்டணம் வாங்குகிறது. விசாவுக்காக முடக்கி வைக்க வேண்டிய தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ, நம் பணத்தில் 10 லட்சத்துக்கும் மேல். ஃப்ரீ என்று சொன்னவர் இதைச் சொன்னாரா? சம்பளத்தோடு பிஎச்.டி. ஒப்பந்தம் கையில் இருந்தால், அந்தச் சம்பளமே போதிய ஆதாரம். இந்த முடக்கும் பணம் தேவைப்படாது.

அதே ஜெர்மனியின் டாட் அமைப்பு, வளரும் நாடுகளுக்கென்று முதுகலைப் படிப்புகளுக்கு உதவித்தொகை தருகிறது. ‘ஈபாஸ்’ என்று பெயர். இதற்குக் குறைந்தது இரண்டு வருடம் வேலை பார்த்த அனுபவம் வேண்டும். பட்டம் வாங்கி ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கும் இரண்டு வருட வேலை அனுபவம் கட்டாயம். “கேம்பஸில் நல்ல கம்பெனி கிடைக்கவில்லை, ஒரகடத்தில் ட்ரெய்னியாகக் கிடக்கிறேன்” என்று புலம்பும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்: அந்த இரண்டு வருடம் வீணாகப் போகவில்லை. அதுதான் உங்கள் தகுதிச் சீட்டு. விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் அந்தந்த நாட்டின் அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நம் மாநில அரசின் திட்டம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை. ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவ மதத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு முதுகலைக்கும் பிஎச்.டி.க்கும் உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் என்றால் வருடத்துக்கு 36 லட்சம் வரை, 8-லிருந்து 12 லட்சம் என்றால் 24 லட்சம் வரை. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை தனி. அதில் நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 இடங்கள்தான். நிலமில்லாத விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்களின் பிள்ளைகளுக்கும் அதில் இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அக்கம்பக்கத்தில் யாருக்காவது பொருந்தும் என்றால் இந்தப் பக்கத்தையே கிழித்துக் கொடுத்துவிடுங்கள், எனக்குச் சந்தோஷம்தான்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம்.

கல்லூரியில் கடைசி வருட ப்ராஜெக்ட்டை நம் பிள்ளைகளில் பலர் எப்படிச் செய்கிறார்கள்? நாலு பேர் சேர்ந்து ஆளுக்குச் சில ஆயிரம் போட்டு ‘ப்ராஜெக்ட் சென்டரில்’ ரெடிமேடாக வாங்கிவிடுகிறார்கள். ரிப்போர்ட், மாடல், பிபிடி எல்லாம் ஒரே பையில் வந்துவிடும். வைவாவும் முடிந்துவிடும். சில கல்லூரிகளில் சிபாரிசுக் கடிதமும் அப்படித்தான், பெயரை மட்டும் மாற்றி அடுத்தவருக்கு.

வெளிநாட்டுப் பேராசிரியர் ஆன்லைன் நேர்காணலில் கேட்கும் முதல் கேள்வியே அந்த ப்ராஜெக்ட்டைப் பற்றித்தான் இருக்கும். ஏன் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தாய்? எந்த இடத்தில் தப்பாகப் போயிற்று? அப்போது என்ன செய்தாய்? வாங்கி வந்த ப்ராஜெக்ட்டில் எதுவுமே தப்பாகப் போயிருக்காதே! பையன் விழிப்பான். மதிப்பெண் எட்டரை இருந்தும் இடம் போய்விடும்.

இதில் வேதனை என்னவென்றால், ஆராய்ச்சிக் கேள்விகள் நம் வீட்டுக்குள்ளேயே சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருக்கின்றன. பெயின்ட் ஷாப்பில் வருடக்கணக்கில் நின்ற அப்பாவிடம், மழைக்காலத்தில் ஏன் ரிஜெக்‌ஷன் கூடுகிறது என்று கேளுங்கள். வெல்டிங் லைனில் இருக்கும் சித்தப்பாவிடம், ரோபோ போட்ட வெல்டை ஏன் இன்னும் ஆள் வைத்துப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். ஈரப்பதம், உலோகம், கேமரா வைத்துக் குறை கண்டுபிடிப்பது என எல்லாமே இன்றைக்கு ஆய்வுக்கூடங்களில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயங்கள்தான். கம்பெனி ரகசியத்தை வெளியே எடுத்துப் போகச் சொல்லவில்லை, அது தப்பு. கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு கல்லூரி லேபுக்குப் போனால் போதும்.

“பிஎச்.டி. எதுக்கு? வாத்தியார் வேலைக்கா?” என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஹூண்டாய்க்குக் கொரியாவின் நம்யாங்கில் பெரிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நாளைக்கு எந்த வண்டி எப்படி ஓட வேண்டும் என்பதில் பெரும்பகுதி அங்கேதான் தீர்மானமாகிறது. அங்கே தீர்மானமாவதை நாம் இங்கே பூட்டிக் கொடுக்கிறோம். நம் பிள்ளைகளில் சிலராவது அந்தப் பக்கம் உட்கார வேண்டாமா? எல்லோரும் கடல் தாண்ட வேண்டும் என்பதும் இல்லை. செயின்ட் கோபைனின் இந்திய ஆராய்ச்சிக்கூடம் சென்னை ஐ.ஐ.டி. ரிசர்ச் பார்க்கில்தான் இருக்கிறது. ஐ.ஐ.டி.யில் சம்பளத்தோடு ஒரு வருடம் ‘ப்ராஜெக்ட் அசோசியேட்’டாக இருந்துவிட்டு வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அவசரம் இல்லாதவர்களுக்கு அதுவே சிறந்த வழி.

பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் தனியாக எப்படி அனுப்புவது என்று தயங்குபவர்களுக்கு ஒன்று. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண் தொழிலாளர் குடியிருப்பில் 18,720 பேர் தங்கலாம். எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து, தனியாக நின்று, நைட் ஷிஃப்ட் பார்த்து, வீட்டுக்குப் பணம் அனுப்பும் பெண்கள் அவர்கள். நம் பக்கத்துத் தெருவிலேயே அதைப் பார்த்துக்கொண்டு, நம் பெண்ணுக்கு மட்டும் ஏன் பயப்பட வேண்டும்?

அமெரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. 2025-ல் அங்கே அரசின் ஆராய்ச்சி நிதி வெட்டப்பட்டு, பல பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. இடங்களைக் குறைத்துவிட்டன. விசாவும் இறுகியிருக்கிறது. அங்கே மட்டும்தான் போவேன் என்று அடம்பிடிக்கிற காலம் இது இல்லை.

இந்த இதழைப் படிப்பவர்களில் நம் பக்கத்துக் கல்லூரிகளில் படித்து, உதவித்தொகையிலோ சம்பளத்திலோ வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். அல்லது உங்கள் அண்ணன், அத்தை மகள், பக்கத்து வீட்டுப் பையன் இருப்பார்கள். எந்த மாதம் விண்ணப்பித்தீர்கள், எத்தனை இடத்தில் மறுத்தார்கள், முதல் மெயிலில் என்ன எழுதினீர்கள், முதல் மாதச் செலவுக்குக் கையில் எவ்வளவு வைத்திருந்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் ஓர் அப்பாவுக்கு உங்கள் கடிதம் தேவைப்படுகிறது.

அன்புடன்,
ஆசிரியர்